மூன்றாவது மாடிக்கு எந்தக் கிளி?

கிளி வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் முதலில் கேட்பது "பேசுமா?" என்றுதான். மந்தைவெளியிலோ தி. நகரிலோ எண்ணூறு சதுர அடி ஃப்ளாட்டில் குடியிருப்பவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை சில உண்டு. எவ்வளவு கத்தும்? எத்தனை வருஷம் இருக்கும்? எவ்வளவு தூள் உதிர்க்கும்? வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்குமா? இதில் வேடிக்கை என்னவென்றால், கிளி எதற்காகப் பேசுகிறதோ அதற்காகவேதான் கத்தவும் செய்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சட்டத்தை முதலில் பார்த்துவிடலாம். ஆண்டாளின் கையில் இருப்பது, மீனாட்சியின் கையில் இருப்பது, ஜோசியக்காரர் கூண்டிலிருந்து தத்தித் தத்தி வந்து சீட்டு எடுப்பது எல்லாம் நமக்குப் பச்சைக்கிளி. ஆண் கிளிக்குக் கழுத்தில் கறுப்பும் இளஞ்சிவப்புமாக ஒரு வளையம் இருக்கும். கிளி என்று சொன்னதும் தமிழர் மனதில் வந்து உட்காரும் இந்தப் பறவையை வீட்டில் வளர்க்க முடியாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பது, விற்பது, வாங்குவது, கூண்டில் வைத்திருப்பது எல்லாமே குற்றம். 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த புதிய அட்டவணைகளிலும் அதற்குப் பாதுகாப்பு தொடர்கிறது. "எங்க தாத்தா காலத்திலிருந்தே வளர்க்கிறோம்" என்பது ஆசைக்குச் சரி, வனத்துறையிடம் எடுபடாது. 2023 பிப்ரவரியில் நடிகர் ரோபோ சங்கர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய பச்சைக்கிளிகளை வனத்துறை எடுத்துச் சென்று இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது பலருக்கு நினைவிருக்கும். அந்த வாரம்தான் சென்னையில் பல வீடுகளுக்கு இப்படியொரு சட்டம் இருப்பதே தெரியவந்தது என்று நினைக்கிறேன்.

அந்தச் சட்டத்துக்குக் காரணம் உண்டு. பச்சைக்கிளி மரப்பொந்திலும் பழைய கட்டடங்களின் ஓட்டைகளிலும், நம் ஊரில் கோபுரத்தின் சுதை பொம்மைகளுக்கு நடுவிலும் முட்டையிடும். தை, மாசி, பங்குனி அதற்குக் குஞ்சு பொரிக்கும் காலம். கண் திறந்தும் திறக்காத குஞ்சுகளைப் பொந்திலிருந்து எடுத்து, கூடையில் அடைத்து ஊர் விட்டு ஊர் கொண்டுபோகிறார்கள். வழியில் பல செத்துப்போகும். பிழைத்து வருவதுதான் மலிவு விலைக் கிளி. ஏற்கெனவே வீட்டில் ஒன்று இருந்தால் ஜன்னலைத் திறந்து பறக்கவிட்டுவிட வேண்டாம். வருஷக்கணக்காகக் கூண்டில் இருந்ததற்குப் பறக்கும் தசை வற்றிப்போயிருக்கும், காக்கை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடும். கிண்டியில் வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.

அயல்நாட்டுக் கிளிகளுக்கு வேறு கணக்கு. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தில் அநேகமாக எல்லாக் கிளி இனங்களும் அடக்கம். விடுபட்டவை நான்கே நான்கு: ஆஸ்திரேலியாவின் பட்ஜி, காக்டெயில், ஆப்பிரிக்காவின் பீச் முக லவ் பேர்ட், நான்காவதாக நம் பச்சைக்கிளி. ஆக, உலகம் தாராளமாக விட்டுவைத்த நான்கில் ஒன்றை நம் நாட்டுச் சட்டம் தடுக்கிறது. மற்ற மூன்றையும் பதிவு எதுவும் இல்லாமல் வளர்க்கலாம். சன் கன்யூர், ஆப்பிரிக்கன் கிரே, மக்காவ், காகத்துவா என்று போனால், 2024இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கடைக்காரர் "பேப்பர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் சார்" என்று சொன்னால் கடையை விட்டு இறங்கிவிடலாம்.

அடுக்குமாடிக்கு எந்தக் கிளி என்ற கேள்விக்குச் சட்டமே இப்படி முக்கால் பதில் சொல்லிவிடுகிறது. மிச்சக் காலை அறிவியல் சொல்லும்.

நமக்குக் குரல் தொண்டையின் மேல்பகுதியில் பிறக்கிறது. பறவைக்கு மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிந்து நுரையீரலுக்குள் போகும் அடிப்பகுதியில், நெஞ்சுக்குள்ளே பிறக்கிறது. கிளிக்கு அதற்கு மேல் நம்முடையதைப் போலத் தடித்த நாக்கும் உண்டு. அதை மேலும் கீழும் நகர்த்தி ஒலியை வடித்தெடுக்கும். உடலமைப்பைவிட மூளைதான் இன்னும் ஆச்சரியம். கேட்டதைத் திருப்பிச் சொல்லப் பழகும் பறவைகள் எல்லாவற்றுக்கும் மூளையில் அதற்கென்று தனி மையங்கள் இருக்கின்றன. கிளிக்கு மட்டும் அந்த மையங்களைச் சுற்றி இன்னொரு அடுக்கு இருப்பதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். வேறு எந்தப் பறவைக்கும் இந்த இரட்டை ஏற்பாடு கிடையாது.

இத்தனை கருவிகளை வைத்துக்கொண்டு காட்டில் கிளி என்னதான் செய்கிறது? மனிதன் மாதிரி பேசிக் காட்ட அங்கே யாரும் அதைக் கேட்கப் போவதில்லை. வெனிசுவேலாவில் உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னக் கிளி இனத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்த கார்ல் பெர்க் என்ற ஆய்வாளர் 2011இல் சொன்னது இது: ஒவ்வொரு குஞ்சுக்கும் தனக்கென்று ஒரு கூப்பிடு ஒலி இருக்கிறது, அதைப் பெற்றோரிடமிருந்து கற்றுக்கொள்கிறது. ஆய்வாளர்கள் முட்டைகளைக் கூடு விட்டுக் கூடு மாற்றி வைத்தாலும், குஞ்சு வளர்க்கிற பெற்றோரின் ஒலியைத்தான் எடுத்துக்கொள்கிறது. கிட்டத்தட்டப் பெயர் வைப்பதுதான். மரங்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் கூட்டத்தை அந்த ஒலியால் கூப்பிட்டு, பதில் வந்ததும் நிம்மதியாகிறது. கூட்டத்தின் ஒலியைக் கற்றுக்கொள்வது அங்கே பிழைப்புக்கான வழி.

இந்தக் கிளி ஃப்ளாட்டுக்கு வந்தால் அதன் கூட்டம் நீங்கள்தான். உங்கள் வீட்டு ஒலியைக் கற்றுக்கொள்கிறது. அம்மா கூப்பிடுவது, குக்கர் விசில், காலிங் பெல், எதிர் வீட்டு ஸ்கூட்டர் எல்லாம் அதன் மொழியாகின்றன. அதைத்தான் பேச்சு என்று நாம் கொண்டாடுகிறோம். நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு அலுவலகம் போன அடுத்த நிமிஷம் அதே கருவியால் கூப்பிடத் தொடங்குகிறது. பதில் வராததால் இன்னும் உரக்கக் கூப்பிடுகிறது. பக்கத்து ஃப்ளாட்டில் படிக்கிற பிள்ளைக்கும் கீழே மதியம் தூங்குகிற பாட்டிக்கும் அது கத்தல். நன்றாகப் பேசும் கிளிதான் தனியாக விட்டால் நன்றாகக் கத்தும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

இதனால்தான் சன் கன்யூரைப் பற்றி எனக்குத் தயக்கம். மஞ்சளும் ஆரஞ்சும் நெருப்பாய் எரியும் உடம்பு, கையில் ஏறி மல்லாந்து படுக்கும் குணம் என்று பார்த்தவர் மயங்கத்தான் செய்வார். ஆனால் கயானா, வட பிரேசில் பக்கத்துத் திறந்தவெளிகளில் தூரத்தில் இருக்கிற கூட்டத்துக்குக் கேட்க வேண்டிய தொண்டை அது. நூறு டெசிபலைத் தாண்டுவது அதற்குச் சாதாரணம். உங்கள் வீட்டு மிக்ஸி ஓடுவதைவிட அதிகம், அதிலும் மிக்ஸிக்கு ஸ்விட்ச் இருக்கிறது. டைல்ஸ் தரையும் வெறும் சுவருமான நம் ஹால்களில் ஒலி எதிரொலித்துப் பெருகும். பெசன்ட் நகரில் தனி வீடு வைத்திருப்பவர் வேண்டுமானால் யோசிக்கலாம்.

ஆப்பிரிக்கன் கிரேயும் மக்காவும் ஃப்ளாட்டுக்கு வேண்டவே வேண்டாம். கிரேயின் புத்திக்கு அளவில்லை. ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் சிகாகோவில் ஒரு செல்லப்பிராணிக் கடையில் வாங்கி, 2007 வரை பழக்கிய அலெக்ஸ் என்ற கிரே, நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் கேட்டால் சொன்னது. அப்படிப்பட்ட மூளையை மூன்றடிக் கூண்டில் நாள் முழுக்க வேலையில்லாமல் வைத்தால் தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும். நாற்பது, ஐம்பது வருஷம் இருக்கும், வளர்ப்பவர் உயிலில் அதற்கும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். 2016இல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய சைட்டிஸ் மாநாடு அதை மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலுக்கு மாற்றியது வேறு.

மிச்சம் மூன்று பேர்.

சென்னையில் கடைக்காரரிடம் "லவ் பேர்ட்ஸ்" என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் பட்ஜிதான். உண்மையான லவ் பேர்டுக்கு "ஆப்பிரிக்கன்" என்ற அடைமொழி சேர்த்துக் கேட்க வேண்டும். பட்ஜி மலிவாகக் கிடைப்பதால் அதன் மேல் நமக்கு இளக்காரம். அந்த இளக்காரம் நியாயமில்லை. நடு ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகளில் மழை பெய்யும் இடத்தைத் தேடி ஆயிரக்கணக்கில் கூட்டமாக அலையும் நாடோடி அது. ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் 1840இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கிருந்துதான் உலகம் முழுக்கப் பரவியது.

காட்டு பட்ஜி பச்சை. அந்தப் பச்சையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு சூழ்ச்சி தெரியும். இறகில் பச்சை நிறமி என்று எதுவும் கிடையாது. கிளி இனத்துக்கு மட்டுமே உரிய ஒரு மஞ்சள் நிறமியைத் தன் உடம்பிலேயே தயாரித்து இறகில் பூசிக்கொள்கிறது. இறகின் நுண்ணிய கட்டமைப்போ நீல ஒளியைச் சிதறவிடுகிறது. மஞ்சளும் நீலமும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சை. கடையில் பார்க்கும் நீல பட்ஜிக்கு மஞ்சள் நிறமி செய்யும் மரபணுவில் கோளாறு. அந்த மரபணு எது, அதில் மாறியது என்ன என்று 2017இல்தான் கண்டுபிடித்தார்கள், ஒரே ஒரு அமினோ அமிலம்! நீல பட்ஜி என்பது மஞ்சள் போட மறந்த பச்சை பட்ஜி. காட்டு பட்ஜியின் தலையிலும் கன்னத்திலும் உள்ள மஞ்சள் இறகுகள் புற ஊதா ஒளியில் ஒளிரும் என்பதும், அந்த ஒளிர்வை மறைத்துவிட்டால் ஜோடி தேடும் பறவை ஆர்வம் காட்டுவது குறைகிறது என்பதும் 2002இல் தெரிந்தது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு அலங்காரம் அது.

ஃப்ளாட்டுக்கு ஒரு ஜோடி பட்ஜி என்பதே என் முதல் பரிந்துரை. நாள் முழுக்கக் கீச்சுக்கீச்சென்று பேசிக்கொண்டிருக்கும், ஆனால் சுவரைத் தாண்டாது. ஒன்றை மட்டும் வளர்த்தால் உங்களோடு அதிகம் பேசும் என்பது உண்மைதான். கலிபோர்னியாவில் பக் என்ற பட்ஜி 1,728 சொல் கற்றுக் கின்னஸில் இடம்பிடித்தது. ஆனால் எட்டு மணி நேரம் பூட்டிய வீட்டில் தனியாக விடப்போகிறீர்கள் என்றால், அது உங்களோடு பேசாமல் இன்னொரு பட்ஜியோடு பேசிக்கொண்டிருப்பது நல்லது. ஐந்து முதல் பத்து வருஷம் இருக்கும். வாங்கும்போது நெற்றியைப் பாருங்கள்: கறுப்புக் கோடுகள் அலகு வரை இறங்கி வந்தால் மூன்று, நான்கு மாதத்துக்குள் இருக்கும் குஞ்சு. வளர்ந்தால் அலகுக்கு மேலுள்ள மெழுகு மாதிரித் தோல் ஆணுக்கு நீலமாகவும் பெண்ணுக்குப் பழுப்பாகவும் மாறும். கூண்டு உயரமாக இருந்து பயனில்லை. பட்ஜி ஹெலிகாப்டர் போல நேர் மேலே ஏறுவதில்லை, பக்கவாட்டில் பறக்கும், அகலம்தான் வேண்டும். பிளாஸ்டிக் குச்சிகளை எடுத்துவிட்டு வேப்பங்கிளையோ கொய்யாக் கிளையோ மொத்தம் மாறி மாறி வரும்படி கட்டுங்கள். ஒரே பருமனில் நின்றால் காலில் புண் வரும்.

காக்டெயில் பட்ஜியைவிடப் பெரியது, காகத்துவாக் குடும்பத்தின் கடைக்குட்டி. கொண்டை அதன் முகபாவம்: நிமிர்ந்தால் திடுக்கீடு, பாதியில் நின்றால் நிதானம், தலையோடு ஒட்டினால் கோபம். ஆண் அழகாகச் சீட்டியடிக்கும். பதினைந்து, இருபது வருஷம் இருக்கும். இதில் இரண்டு சிக்கல்கள். ஒன்று தூள். இறகைக் காப்பதற்காக ஒரு வகை இறகு உதிர்ந்து மாவாகி உடம்பெல்லாம் படியும். ஆஸ்துமா உள்ளவர் இருக்கும் வீட்டுக்கு, அதிலும் ஏசி போட்டு மூடிய அறைக்கு இது ஒத்துவராது. வருஷக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் ஒவ்வாமை வரலாம். இன்னொன்று இரவுப் பயம். இருட்டில் சட்டென்று சத்தம் கேட்டால் கண்மூடித்தனமாகக் கூண்டுக்குள் பறந்து மோதி ரத்தம் சிந்தும். தீபாவளிக்கு முந்தின வாரம் பாண்டி பஜார் பக்கம் குடியிருப்பவர் இதை மறக்கக் கூடாது. ஒரு ஜீரோ வாட் பல்பு போதும்.

லவ் பேர்ட் கடிக்கும். அழகு, ஆனால் கடிக்கும். அதன் தனிச் சிறப்பைப் பார்க்கத் தினசரி காலண்டரைக் கிழித்துக் கொடுத்தால் போதும். பீச் முகப் பெண் தாளின் ஓரத்தை அலகால் வரிசையாகத் துளையிட்டு, நீளமான ரிப்பனாகக் கிழிக்கும். பிறகு தலையைத் திருப்பி அந்த ரிப்பனைத் தன் இடுப்பு இறகுக்குள் செருகிக்கொள்ளும். நாலைந்து செருகிக்கொண்டு கூடு கட்டப் பறக்கும். வேறொரு லவ் பேர்ட் இனம் அலகில் கவ்வித்தான் எடுத்துப்போகும். வில்லியம் டில்கர் என்ற ஆய்வாளர் இந்த இரண்டையும் கலந்து குஞ்சு பொரிக்க வைத்தார். அந்தக் கலப்புக் குஞ்சுகள் தாளைக் கிழித்து, செருகுவதா கவ்வுவதா என்று தெரியாமல் பாதி செருகி, நழுவவிட்டு, திரும்ப எடுத்து அலைக்கழிந்தன. 1962இல் அவர் எழுதியது, இன்றும் படிக்கப் பாவமாக இருக்கிறது. வீட்டில் இந்த விளையாட்டை அதிகம் ஊக்குவிக்க வேண்டாம், கூடு கட்டப் பொருள் கிடைத்தால் பெண் பறவை முட்டையிடத் தொடங்கி உடம்பைக் கெடுத்துக்கொள்ளும்.

எந்தக் கிளியானாலும், ஃப்ளாட்டில் அதன் முதல் எதிரி சமையலறை. பறவையின் நுரையீரலில் காற்று நம்முடையதைப் போல உள்ளே போய் அதே வழியில் திரும்புவதில்லை. காற்றுப் பைகள் துருத்தியாக வேலை செய்ய, நுரையீரல் வழியே ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை இழுத்த காற்று முழுச் சுற்று சுற்றி வெளியேற இரண்டு மூச்சு ஆகும். பறப்பதற்குத் தேவையான ஆக்சிஜனை உறிஞ்ச இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. விஷத்தை உறிஞ்சவும் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. காலி நான்ஸ்டிக் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிட்டு போன் வந்ததென்று போய்விட்டால், அதன் பூச்சு காய்ந்து கிளம்பும் ஆவி நமக்குத் தெரியவே தெரியாது. ஹாலில் இருக்கும் கிளி சில நிமிஷங்களில் செத்து விழலாம். கிளி வந்தால் நான்ஸ்டிக் போக வேண்டும், பழைய இரும்புக் கல் திரும்ப வரட்டும். கொசுவர்த்தியும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் மூடிய அறையில் வேண்டாம்.

சாப்பாட்டில் நமக்கு ஒரு அனுகூலம். மேல்நாட்டில் கிளிகளுக்கென்று கதிர் கதிராக விற்கும் தானியம் நம் தினைதான். தினைப்புனத்தில் பரண் மேல் நின்று வள்ளி விரட்டியது இவற்றின் உறவினர்களைத்தான். சூரியகாந்தி விதை மட்டும் போட்டால் கொழுப்பு ஏறி ஈரல் கெடும். தினை, சோளம், முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். அவகாடோவும் சாக்லேட்டும் விஷம். இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல், அன்றே வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோங்கள். நோயைக் கடைசிவரை மறைப்பது பறவையின் இயல்பு. வெளியே தெரியும்போது ரொம்ப முற்றியிருக்கும்.

காலை எட்டுக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வரும் தம்பதிக்கு ஜோடி பட்ஜிகூட வேண்டாம் என்றுதான் சொல்வேன். சென்னையில் பச்சைக்கிளிக்குப் பஞ்சமில்லை. ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்த்துவந்த ஜோசப் சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு மொட்டை மாடிக்கு வந்த ஒன்றிரண்டு கிளிகளுக்கு அரிசி வைக்க ஆரம்பித்து, ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும் அளவுக்குப் போனது ஊரறிந்த கதை. அடையாறு தியாசபிகல் சொசைட்டியின் பழைய மரங்களில் மாசி மாதம் பொந்துகளை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள், பாதிப் பொந்துகளில் சிவப்பு அலகு எட்டிப் பார்க்கும்.

இல்லை, வாங்கியே தீர்வது என்றால் மாதம் பார்த்து வாங்குங்கள். கத்திரி வெயிலில் வேண்டாம். பறவைக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்கும். நம் கடற்காற்றின் ஈரத்தில் அந்த வித்தையும் சரியாகப் பலிக்காது. ஐப்பசியில் பட்டாசு, கார்த்திகையில் அடைமழையும் பூஞ்சை பிடித்த தானியமும். தை, மாசிதான் தோது. மேற்கு பார்த்த பால்கனியை விட்டுவிட்டு, காலை வெயில் படும் ஜன்னலோரமாகக் கூண்டை வையுங்கள், அதன் மேல் காக்கையும் பூனையும் எட்டாதபடி வலை. கிளி வருவதற்கு முன்னாலேயே சீலிங் ஃபேன் ஸ்விட்ச் மேல் டேப் ஒட்டிவிடுங்கள். முதல் நாள் கூண்டைத் திறக்கும்போது யாராவது ஒருவர் பழக்கத்தில் அதைத் தட்டிவிடத்தான் போகிறார்கள்.